பத்து ஆர், ஒரு எஸ்

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணை மெச்சிப் பேச வேண்டுமென்றால் அழகி என்று சொல்வதில்லை. ‘ரெசிஸ்தெந்தே’ என்போம். எதையும் தாங்கி நிற்கிறவள். கறையான் அரிக்காத உத்தரத்துக்கும் அந்தச் சொல்தான். மூட்டையோடு ஆற்றில் இறங்கிக் கால் வழுக்காமல் அக்கரை ஏறும் கோவேறு கழுதைக்கும் அந்தச் சொல்தான். மனாபி மாகாணத்தின் மலையடிவாரத்தில், வருசத்தில் எட்டு மாதம் தூசியும் நாலு மாதம் சேறுமாகக் கிடக்கும் எங்கள் ஊர் பாசோ ஓண்டோவில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

மர்யூரிக்கு அந்தப் பேர் பதினைந்து வயதில் வந்துவிட்டது. இப்போது இருபத்தாறு. ஏழு மாத வயிறு. விடியுமுன் எழுந்து நாற்பது பச்சை வாழைக்காயைத் தோல் சீவுவாள். வாழைக்காய்ப் பால் பட்டு அவள் விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது. வேகவைத்து, சூடு ஆறும் முன் மரத்தொட்டியில் போட்டு இடித்து, வறுத்த நிலக்கடலையை அரைத்துக் கலந்து, நடுவில் பன்றிக்கொழுப்பு வறுவலும் சீஸும் வைத்து, பந்து மாதிரி உருட்டி நெருப்பில் வாட்டுவாள். ஒன்பது மணிக்குள் கூடையோடு கோழிப்பண்ணை வாசலில் நிற்க வேண்டும். பண்ணை ஆட்கள் காலையில் வெளியே வருவது அந்த அரை மணி நேரம்தான். சேய்போ மரங்களின் பச்சைத் தண்டுகளுக்கு நடுவே அவள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்து ஆண்கள் சொல்வார்கள்: “ஓல்கெர் குடுத்து வச்சவன்யா. ரெசிஸ்தெந்தேயான பொண்டாட்டி.”

அவள் வீட்டுக் கோழிக்கும் அந்தப் பேர் உண்டு. போன ஆகஸ்டில் ஊரில் வீட்டுக்கு வீடு கோழி கழுத்து தொங்கிச் செத்தது. மர்யூரி வீட்டுச் செவலை மட்டும் சாகவில்லை. “எங்க செவலையும் என்னை மாதிரிதான். ரெசிஸ்தெந்தே,” என்று கிணற்றடியில் அவள் பீற்றிக்கொண்டது எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறது.

புருசன் ஓல்கெர் பண்ணையில் தண்ணீர்க்காரன். மூன்று கொட்டகைக்கும் குடிதண்ணீர்த் தொட்டியை நிரப்புவது, கால்நடை டாக்டர் சொன்ன அளவுக்கு மருந்துப் பொடியை அதில் கலக்குவது அவன் வேலை. குடிக்கமாட்டான். அடிக்கமாட்டான். எங்கள் ஊரில் இந்த இரண்டுக்கும் ஒரு மனுசனைச் சாமி ஆக்கிவிடுவார்கள்.

இந்த வயிற்றில் மர்யூரிக்கு நீர்க்கடுப்பு மூன்று தடவை வந்துவிட்டது. முதல் இரண்டு தடவையும் கொமாத்ரே பெத்தீட்டா கொடுத்த மாத்திரையில் அடங்கியது. அடங்கி, மறுபடி வந்தது. பெத்தீட்டாதான் ஊரின் ஒரே மருந்துக்கடைக்காரி. மர்யூரியின் மூத்தவள் அனாயியை ஞானஸ்நானத் தண்ணீருக்குமேல் கையில் ஏந்தியவள். பிள்ளையின் ஞானத்தாயும் பெற்றவளும் ஒருவரையொருவர் கூப்பிடுவது அப்படித்தான், கொமாத்ரே. எங்களில் கூடப்பிறந்தவளோடு சண்டை போடலாம், கொமாத்ரேயோடு கூடாது. இந்தப் பிள்ளைக்கும் அவளே தண்ணீர் ஊற்றுவதாகப் பேச்சு. வெள்ளைத் துணிகூடத் தைத்து வைத்திருந்தாள்.

மூன்றாம் தடவை கடுப்பு வந்தபோது சுகாதார நிலையத்தில் புதிதாக ஒரு டாக்டர் பெண் இருந்தாள். இனுகா என்று பெயர், மலைநாட்டுக்காரி, கட்டாயச் சேவைக்கு ஒரு வருசம் வந்தவள். சிறுநீரைக் குப்பியில் பிடித்து நகரத்துக்கு அனுப்பினாள். காகிதம் வருவதற்குள் அவளைப் பயிற்சிக்கு என்று கூப்பிட்டுவிட்டார்கள். வந்த காகிதத்தை, அந்தப் பக்கமாகப் போன ஓல்கெரிடம் உதவி நர்ஸ் கொடுத்தாள். “திங்கக்கெழம டாக்டர் வந்துருவாங்க. மறக்காம கொண்டாந்து காட்டுங்க.”

வியாழக்கிழமை மத்தியானம். பெத்தீட்டா கடையைச் சாத்திவிட்டு இவர்கள் வீட்டில் சாப்பிடுகிற நாள். சோறு, துவரைக் குழம்பு, பொரித்த பழுத்த வாழை. ஓல்கெர் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை விரித்தான்.

“வாயில நுழையாத பேரா இருக்கு. மொத்தம் பதினொண்ணு. எல்லாம் மருந்து பேரு போல. ஒவ்வொண்ணுக்கும் நேரா ஒரு எழுத்து. அமிக்கா… இதுக்கு ஆர். அடுத்ததுக்கும் ஆர். அனாயி, எண்ணு பாக்கலாம்.”

ஆறு வயதுக்காரி விரலை மடக்கினாள். “பத்து ஆர் அப்பா. ஒரு எஸ்.”

“ஆர்னா என்னங்குது?” என்று மர்யூரி கேட்டாள். அடுப்புப் பக்கம் நின்றவள், இடுப்பில் கை ஊன்றியிருந்தாள்.

“கீழ போட்டிருக்கு. ஆர்னா…” ஓல்கெர் நிறுத்தினான். தண்ணீர் ஒரு வாய் குடித்தான். பெத்தீட்டாவைப் பார்த்தான். பிறகு சிரித்தான். “ரெசிஸ்தெந்தே! அடியே, ஒரு தடவ இல்ல, பத்து தடவ எழுதியிருக்கான் நகரத்துக்காரன். ஊர்ல சொன்னா போதாதுன்னு இப்ப மிசினே சொல்லுது.”

“அந்த எஸ்?”

“சென்சிப்ளே. தொட்டாச்சிணுங்கின்னு அர்த்தம். அது உன் மூஞ்சிக்கு. ஒரு வார்த்தை சொன்னா மூணு நாளு தூக்கி வச்சுக்குவியே, அதையும் கண்டுபுடிச்சுட்டான்.”

மர்யூரி வயிறு குலுங்கச் சிரித்தாள். அனாயி விரலை மடக்கி மடக்கி “ரெசிஸ்தெந்தே, ரெசிஸ்தெந்தே” என்று பாட்டாகப் பாடினாள். பெத்தீட்டா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக் காகிதத்தை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்து வாசித்தாள். நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நல்ல சேதிதான் கொமாத்ரே. இது எங்கிட்டயே இருக்கட்டும், டாக்டரம்மா வந்தா நானே குடுத்துக்கறேன். நீ இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு வரிசையில போயி நிக்க வேணாம். மிச்ச மீதிக் கடுப்புக்கு எட்டு நாள் மாத்திரை தர்றேன். இந்தத் தடவ கொஞ்சம் கனமா இருக்கும். முழுங்கிரு.”

“நீங்க இருக்கையில எனக்கென்ன கொமாத்ரே,” என்றாள் மர்யூரி. பொரித்ததில் பெரிய வாழைத் துண்டாக எடுத்து அவள் தட்டில் போட்டாள்.

எட்டு நாள் முழுங்கினாள். கடுப்பு குறைந்த மாதிரி இருந்தது, பிறகு கூடியது. வலது விலாவுக்குக் கீழே முதுகில் ஒரு வலி உட்கார்ந்துகொண்டது. டாக்டர் திங்கட்கிழமை வந்துவிட்டாள் என்று தெரியும். ஆனால் போய் என்ன சொல்வது? காகிதமே சொல்லிவிட்டதே. தாங்குகிறவள் என்று பத்து தடவை எழுதின பிறகு தாங்கவில்லை என்று போய் நிற்பதா? கூடையை வலது இடுப்பிலிருந்து இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் நாள் காலையில் வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. டிசம்பர் கடைசி, முதல் மழை எப்போதும் விழலாம். காற்று இல்லை. கொட்டகையின் அமோனியா நெடி வாசலைத் தாண்டி ரோடு வரை வந்து கண்ணைக் கரித்தது. காலிப் பொடிப் பைகள், நீல நிறம், மேலே சேவல் படம், கம்பிவேலி ஓரமாகக் குவிந்து கிடந்தன.

சாலோ கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். செத்த கோழிகளைப் பொறுக்கிச் சுண்ணாம்புக் குழியில் கொட்டுவது அவன் வேலை. ஊரில் அவன் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். வண்டி நிறையக் கிடந்தன, வெள்ளை வெள்ளையாக, கால் விறைத்து.

“என்ன மர்யூரி, இன்னைக்கு உருண்டைக்குள்ள என்ன கறி?”

“உன் வண்டியில கெடக்கறது இல்ல. பயப்படாம தின்னு.”

“உன் பன்னி கத்தியில செத்துச்சு, என் வண்டியில கெடக்கறது தானாச் செத்துச்சு, அம்புட்டுதான் வித்தியாசம். கைய நீட்டமாட்டேன், இப்படிக் காகிதத்துல போடு.”

கால்நடை டாக்டரின் வண்டி கேட்டைத் தாண்டும்போது நின்றது. கண்ணாடியை இறக்கி மேஸ்திரியிடம் சொன்னார்: “மூணாம் கொட்டகை ரெசிஸ்தெந்தே ஆயிருச்சுப்பா. அந்தப் பொடி இனிப் புடிக்காது. ரெண்டு மடங்கு போட்டுப் பாருங்க, கேக்கலைன்னா வேற மாத்திருவோம்.” வண்டி தூசியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

மர்யூரி சிரித்தாள். “நல்ல கூத்துடா சாலோ. அந்தாளு ரெசிஸ்தெந்தேங்கறாரு, நீ வண்டி வண்டியாப் பொணம் தள்ற. எதுடா அங்க ரெசிஸ்தெந்தே?”

“கோழி இல்ல தாயி. கிருமி.” சாலோ வாய் நிறைய உருண்டையோடு பேசினான். “கிருமிதான் தாங்குது. கோழி சாவுது.”

“கிருமியா?”

“பின்ன? மருந்துக்கு முன்ன எது நின்னு தாங்குதோ அதுதான ரெசிஸ்தெந்தே. கிருமி தாங்கிருச்சுன்னா கோழி போச்சு. வாராவாரம் சொல்றாரே.”

“உனக்கு யாருடா இதெல்லாம் சொன்னது?”

“ஏன், உம் புருசன்தான். பொடி கலக்கறவன் அவன்தான, அவனுக்குத்தான் டாக்டரு எல்லாம் சொல்லிக் குடுத்தாரு. அவன் எங்களுக்கு நல்லா வெளக்குனான். நாயக் கம்பால அடிச்சு அடிச்சு வளத்தா ஒரு நாளு அது கம்புக்குப் பயப்படாது, திரும்பி நின்னு கடிக்கும், அதுதான் ரெசிஸ்தெந்தேன்னான். விவரமான ஆளு…” சாலோ நிறுத்தினான். “என்ன, மூஞ்சி வெளுத்துப் போச்சு? உக்காரு. தண்ணி குடிக்கிறியா?”

அவள் கையில் இருந்த உருண்டை பிதுங்கி விரலிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. சூடாக இருந்திருக்கும். அவள் பார்க்கவில்லை.

“ஓல்கெருக்கு இது எப்ப இருந்து தெரியும்?”

“ரெண்டு வருசம் இருக்கும். ஏன்?”

கூடையை அங்கேயே வைத்துவிட்டு நடந்தாள். பின்னால் சாலோ, “கூட! ஏ மர்யூரி, கூட!” என்று கத்தினான்.

பெத்தீட்டாவின் கடை இரண்டு அறை. முன்னறையில் மாதா படம், பிளாஸ்டிக் பூ, தலைவலித் தைலம், குழந்தைப் பவுடர். பின்னறைக்குத் துணித் திரை. மர்யூரி கூப்பிடாமல் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். பெத்தீட்டா மேசைமுன் உட்கார்ந்து, தட்டில் நின்ற காலி மாத்திரைக் கூடுகளில் சின்னக் கரண்டியால் வெள்ளைப் பொடியை நிரப்பிக்கொண்டிருந்தாள். மேசை ஓரத்தில், வாயைத் துணி உலர்த்தும் கிளிப்பால் மூடிய நீலப் பை. சேவல் படம்.

இரண்டு பேரும் சேவலைப் பார்த்தார்கள்.

“காகிதத்தக் குடுங்க கொமாத்ரே.”

“உக்காரு முதல்ல. மூச்சு வாங்குது உனக்கு.”

“காகிதம்.”

பெத்தீட்டா கரண்டியை வைத்தாள். “இதப் பாத்து நீ ஒண்ணும் நெனைக்காத. அதே மருந்துதான்டி. பெட்டியில வர்றதும் இதே, பையில வர்றதும் இதே. பேரு ஒண்ணு, சரக்கு ஒண்ணு. பெட்டியில படம் இல்ல, இதுல சேவல் இருக்கு. அம்புட்டுதான்.”

“நான் கோழியா?”

“பேசு, நல்லாப் பேசு. அஞ்சு வருசம் அந்தச் சுகாதார நிலையம் பூட்டிக் கெடந்துச்சே, அப்ப ஊரு யாருகிட்ட வந்துச்சு? திறந்த பின்னாடி மட்டும் அலமாரியில என்ன இருந்துச்சு, சிலந்தியத் தவிர? வெறுங்கையோட யாரையாச்சும் அனுப்புனேனா நான்? நிறுத்துத்தான் போடறேன். கண்ண மூடிக்கிட்டுப் போடல.”

“ஆர்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?”

பெத்தீட்டா மேசையில் சிந்தியிருந்த பொடியை உள்ளங்கையால் கூட்டினாள்.

“பதினஞ்சு வருசமா மருந்து விக்கறீங்க.”

“தெரியும்,” என்றாள் பெத்தீட்டா. “அதான் இந்தத் தடவ ரெண்டு மடங்கு நிரப்பிக் குடுத்தேன். கேட்டுரும்னு நெனச்சேன் கொமாத்ரே, மாதா சத்தியமா. அந்த மலைநாட்டுப் பொண்ணு கையில இந்தக் காகிதம் போனா அவ மொதக் கேள்வி என்ன கேப்பா? இதுக்கு முந்தி என்ன மருந்து தின்ன, யாரு குடுத்தா? என் கடைய மூடிருவாங்க. அது போகட்டும். எனக்கு இதக் கொண்டாந்து குடுக்கறவன் வேலையும் போயிருமே, அவன் ஜெயிலுக்குப் போவானே, அத யோசிச்சேன்.”

“யாரு கொண்டாந்து குடுக்கறது?”

“அத எங்கிட்டக் கேக்காத.”

கேட்க வேண்டியிருக்கவில்லை. மர்யூரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். குளிர்கிற மாதிரி இருந்தது. அந்தப் புழுக்கத்தில் குளிர். “அனாயிக்கு மார்ச்சுல காய்ச்சல் வந்துச்சே. நீங்க குடுத்தீங்களே, ஆரஞ்சுச் சாறுல கலக்கி. அதுவும்…?”

“பொழச்சாளா இல்லையா? அதச் சொல்லு மொதல்ல.”

“உங்க கையிலதான் அவளக் குடுத்தேன். தண்ணிக்கு மேல நீங்கதான் புடிச்சுக்கிட்டு நின்னீங்க.”

பெத்தீட்டா ரவிக்கைக்குள் கைவிட்டுக் காகிதத்தை எடுத்தாள். வியர்வையில் மடிப்பு ஊறிப் போயிருந்தது. மேசையில் வைத்தாள். பொடி ஒட்டிய கையால் தரவில்லை. அதற்கு மட்டும் யோசித்தாள் போல.

வலியில் உட்கார்ந்து உட்கார்ந்து வீட்டுக்கு வர மத்தியானம் ஆகிவிட்டது. வழியில் முதல் துளிகள் விழுந்தன. எட்டு மாதத் தூசியில் விழுகிற முதல் மழைக்கு ஒரு வாசனை உண்டு. ஊரே வாசலுக்கு வந்து மூக்கைத் தூக்கி நிற்கும். மர்யூரியைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி, “மழை வந்துருச்சுடி!” என்றாள். இவள் திரும்பவில்லை.

ஓல்கெர் மத்தியானச் சோற்றுக்கு வந்து ஊஞ்சல்வலையில் படுத்திருந்தான். அனாயி கொல்லையில் மழையில் ஆடிக்கொண்டிருந்தாள். செவலை கூரைக்கடியில் ஒதுங்கி நின்றது.

காகிதத்தை அவன் மார்மேல் போட்டாள். “வாசி.”

“என்ன இது, சோறு போடாம…”

“வாசி ஓல்கெர். அன்னைக்கு வாசிச்சியே, அதே மாதிரி சிரிச்சுக்கிட்டே வாசி. ஆர்னா என்ன?”

அவன் எழுந்து உட்கார்ந்தான். வலை ஆடியது. காலைத் தரையில் ஊன்றி நிறுத்தினான்.

“யாரு சொன்னா?”

“நாயக் கம்பால அடிச்சா திரும்பி நின்னு கடிக்குமாமே. எனக்கு இவ்வளவு நாளா யாருமே சொல்லல. பொணம் தள்றவனுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல.”

“உன்னப் பயமுறுத்த வேணாம்னுதான்டி… புள்ளத்தாச்சி. கொமாத்ரே, ரெண்டு மடங்கு குடுத்தா கேட்டுரும்னா. பண்ணையில அப்படித்தான் செய்யறோம்.”

“கேக்குதா பண்ணையில?”

மழை தகரத்தில் இறங்கியது. அவன் ஏதோ சொன்னான், கேட்கவில்லை. உரக்கச் சொன்னான்: “சில தடவ கேக்கும்!”

“கேக்காத தடவ?”

“மர்யூரி, நான் கெட்டவனா? நீயே சொல்லு. உனக்குக் கெட்டது நெனப்பனா? பொடி கொண்டு போறது தெரிஞ்சா என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாங்க. புள்ள வேற வருது. ஒரு மாசம், ஒண்ணரை மாசம் தள்ளிட்டா புள்ள பெத்துருவ, அப்பறம் எல்லாம்…”

“என்னைய மெச்சுனியே. புள்ளைய வச்சு எண்ணச் சொன்னியே.” அவளுக்குப் பல் தந்தியடித்தது. “நான் அத நம்பி வலியத் தாங்குனேன்டா. பன்னெண்டு நாளு. நீ பாத்துக்கிட்டே இருந்த.”

அவன் அவள் கையைப் பிடித்தான். பிடித்ததும் விட்டுவிட்டான், அவ்வளவு கொதித்தது. அடுத்த நொடி அவள் உடம்பு முழுதும் உதறத் தொடங்கியது. கட்டிலைப் பிடித்துக்கொண்டாள்; கட்டில் கால் தரையில் தட்டுகிற அளவுக்கு உதறல். தொடைவழியே தண்ணீர் இறங்கியது. மழையா என்று கொல்லையிலிருந்து ஓடி வந்த அனாயி கேட்டாள்.

மலையில் முன்னாலேயே பெய்திருக்க வேண்டும். சுகாதார நிலையத்துக்குப் போகும் வழியில் ஆற்றுச் செந்தண்ணீர் தொடைமட்டம் வந்துவிட்டது, மோட்டார்சைக்கிள் இறங்காது. உயரச் சக்கரம் வைத்த வண்டி ஊரில் ஒன்றுதான்: பண்ணையில் செத்த கோழியைக் குழிக்கு ஏற்றிப்போகும் மூன்று சக்கர மோட்டார் வண்டி. சாலோ அதைக் கொண்டுவந்தான். உருண்டைக் கூடையைத் திருப்பித் தர வந்தவன், அவளைப் பார்த்துவிட்டு அதற்காகவே பண்ணைக்குத் திரும்பி ஓடியிருந்தான். தீவன மூட்டைகளைத் தட்டில் விரித்தான். “நாத்தம் இருக்கும் தாயி. மூக்கப் புடிச்சுக்க.” ஓல்கெர் ஏறப் போனான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் மழையில் நின்றான்.

சுகாதார நிலையத்தின் முன் சாலோ கத்தினதில் டாக்டர் இனுகா குடையில்லாமல் ஓடி வந்தாள். காகிதத்தை வண்டிமேலேயே வாசித்தாள். வாசித்து முடிக்குமுன் வண்டியில் ஏறிவிட்டாள்.

“இது வந்து எத்தன நாளாச்சு?”

“பன்னெண்டு.”

“பன்னெண்டு நாளா? எங்க இருந்துச்சு?”

“ரவிக்கைக்குள்ள,” என்றாள் மர்யூரி.

டாக்டருக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டாள். “இதுல எஸ் போட்ட ஒண்ணுதான் கேக்கும். அது நரம்பு ஊசி. நகரத்து ஆஸ்பத்திரியில மட்டும்தான் இருக்கு. இங்க என்கிட்ட இல்ல. தாங்கிக்குவீங்களா?”

“அந்த வார்த்த வேணாம் டாக்டரம்மா,” என்றாள் மர்யூரி.

மறுநாள் காலை நகரத்து ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. ஏழு வாரம் முன்னதாக. பெண். ஒன்றரைக் கிலோவும் கொஞ்சமும். தாயின் கிருமி பிள்ளைக்கும் ஏறியிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அதே எஸ் மருந்தைத் துளித்துளியாக இறக்கினார்கள். மர்யூரிக்கு இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பிள்ளைக்கு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் பெட்டியின் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வயதான நர்ஸ் ஒருத்தி வந்து, சத்தமில்லாமல், “தண்ணி ஊத்தறதுன்னா ஊத்திருங்கம்மா,” என்றாள்.

எங்களுக்கு அது தெரியும். சாமியார் வரும்வரை காத்திருக்க முடியாத பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம். ஊற்றினவர் உறவாகிவிடுவார், சாகிறவரை.

பெத்தீட்டா வாசலில் நின்றிருந்தாள். ஆற்றில் நனைந்த பாவாடையோடு, கையில் மெழுகுவர்த்தி, பிளாஸ்டிக் பையில் அந்த வெள்ளைத் துணி. அழுது கண் வீங்கியிருந்தது, நடிப்பு இல்லை. “கொமாத்ரே,” என்று ஓர் அடி எடுத்து வைத்தாள்.

“தோன்யா பெத்தீட்டா,” என்றாள் மர்யூரி.

அவ்வளவுதான். தோன்யா என்பது மரியாதைதான். கடைக்காரியை, வாத்தியாரம்மாவை, முன்பின் தெரியாத பெரிய மனுசியை அப்படித்தான் கூப்பிடுவோம். ஆறு வருசம் கொமாத்ரே என்று கூப்பிட்ட வாயிலிருந்து அது வந்ததும் பெத்தீட்டா எடுத்த அடியைப் பின்னால் வைத்தாள். மெழுகுவர்த்தியை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

“சாலோ எங்க?”

நடைபாதையின் கடைசியில், யாரும் உட்காராத பெஞ்சில் அவன் இருந்தான். மாற்றுத்துணி கொண்டுவந்தவன் திரும்பிப் போகாமல் இருந்துவிட்டான். கூப்பிட்டதும் பதறினான். “நானா? தாயி, என் கையி… நான் எத அள்றவன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். கேட்டப்ப உள்ளதச் சொன்னவன் நீ ஒருத்தன்தான். வா.”

நர்ஸ் அவனை முழங்கை வரை மூன்று தடவை கழுவ வைத்தாள். நகக்கண்ணைத் தேய்க்கச் சொன்னாள். மேலங்கி மாட்டினாள். பெட்டியின் வட்ட ஓட்டை வழியாக அவன் கை உள்ளே போனது. பிள்ளையின் தலை அவன் உள்ளங்கைக்குள் அடங்கிப் போனது. காய்ச்சி ஆறின தண்ணீரைப் பஞ்சில் தொட்டு மூன்று சொட்டு.

“பேரு?”

“உன் அம்மா பேரு என்ன?”

“எர்மீந்தா.”

“அதையே வை.”

அவன் பேரைச் சொன்னான். மணி இன்னும் கொஞ்ச நேரம் அடித்தது, பிறகு நின்றது. அன்றைக்கு மறுபடி பார்க்க வந்திருந்த டாக்டர் இனுகா பிள்ளையைப் பார்த்து, “பத்து நாள் போகணும். இப்ப எதுவும் கேக்காதீங்க,” என்றாள்.

சாயந்தரம் பார்வையாளர் நேரத்தில் ஓல்கெர் வந்தான். வழித்த தாடி, சலவைச் சட்டை, கையில் துணி சுற்றிய தூக்குச்சட்டி. பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் வீட்டுக்கோழிச் சாறு கொடுப்பது எங்கள் வழக்கம். அதை ஆண்பிள்ளை தன் கையாலேயே காய்ச்சிக் கொண்டுவந்தால் அதற்கு ஒரு மதிப்பு.

மூடியைத் திறந்தான். கொத்தமல்லி வாசனை வார்டு முழுக்கப் போனது. பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்த்து எச்சில் விழுங்கினாள். மர்யூரி மூன்று நாளாக உப்பில்லாத சோறுதான் தின்றிருந்தாள்.

“பண்ணைக்கோழி இல்ல,” என்றான். “நம்ம செவலை. நானே அறுத்தேன். எல்லாத்தையும் மேஸ்திரிகிட்டச் சொல்லிட்டேன் மர்யூரி. வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. போகட்டும். நீ குடி.”

அவள் சாற்றைப் பார்த்தாள். மேலே மஞ்சள் கொழுப்பு வட்டம் வட்டமாக மிதந்தது.

“போன ஆகஸ்டுல ஊருல எல்லார் கோழியும் செத்துச்சே,” என்றாள். “நம்ம செவலை மட்டும் ஏன் சாகல?”

ஓல்கெர் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்கிறது நின்றது.

“அதுக்கு என்ன குடுத்தீங்க?”

பன்னிரண்டு வருசப் பழக்கத்தில் அவள் அவனை நீங்க என்று சொன்னது அன்றுதான். வசவு வந்திருந்தால் அவன் வாங்கிக்கொண்டிருப்பான். கரண்டியைப் பார்த்துக்கொண்டே, “தண்ணியில அதே பொடி,” என்றான். அவன் பொய் சொல்லவில்லை, அதுவரைக்கும் சரி.

“கெணத்தடியில நின்னு ஊருக்கே பீத்துனேன்,” என்றாள் மர்யூரி. மூடியை எடுத்து, சட்டி வாயில் பொருத்தி, அழுத்தி மூடினாள்.

“கொண்டு போங்க.”